தக்காளி விதை உறையில் “எதிர்ப்பு” என்று போட்டிருக்கிறது. வேரில் முளைக்கும் ஒட்டுண்ணிக்கும் அது பொருந்துமா?

புத்தூர்ச் செம்மண் எழுதியது:

வணக்கம். புத்தூரில் எங்களுக்கு ஆறு பரப்புத் தோட்டம் இருக்கிறது. செம்மண், கிணற்று இறைப்பு. அப்பா காலத்திலிருந்து தையில் புகையிலை, அதை வெட்டிய பிறகு மரக்கறி என்று ஓடிக்கொண்டிருந்த நிலம். இப்போது கிழக்கு வரம்போடு கிடக்கும் இரண்டு பரப்பில் புகையிலைக் கன்றின் அடியில் மண்ணை வெடிக்க வைத்துக்கொண்டு ஏதோ முளைக்கிறது. பச்சை நிறமே கிடையாது. வெளிறிய மஞ்சள் தண்டு, இலை இருக்க வேண்டிய இடத்தில் செதில், ஒரு சாண் உயரம், நுனியில் ஊதாப் பூ. ஒரு கன்றைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக நிற்கும். இழுத்தால் தண்டு மட்டும் முறிந்து கையோடு வருகிறது, அடிப்பாகம் மண்ணுக்குள் நின்றுவிடுகிறது. அந்தக் கன்றுகளில் இலை அகலமும் இல்லை, தடிப்பும் இல்லை. பாத்தியில் ஈரம் இருக்கும்போதே நண்பகலில் துவண்டுவிடும். போன சித்திரையில் பார்க்க வந்த வியாபாரி அந்த இரண்டு பரப்பையும் கண்ணால் விலக்கிவிட்டு மற்றதற்கு மட்டும் விலை சொன்னார்.

அந்தத் துண்டில் புகையிலையை நிறுத்திவிட்டுத் தக்காளி நடலாம் என்று நினைத்தேன். விதை வாங்கப் போன கடையில் ஒரு கலப்பின விதையை எடுத்துத் தந்து, “இது வேர் வருத்தம் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு உள்ள இனம், ஒட்டுண்ணி கிட்ட வராது” என்றார்கள். சாதாரண விதையின் விலையோடு ஒப்பிட்டால் நெஞ்சு அடைக்கிறது. உறையின் பின்பக்கத்தில் எதிர்ப்பு என்ற சொல்லுக்கு எதிரே வி, எஃப், என் என்று மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. வேறு விளக்கம் இல்லை.

என் கேள்வி இதுதான். இந்த இனம் அந்த ஒட்டுண்ணியைத் தாங்குமா? இல்லையென்றால், தக்காளியிலோ கத்தரியிலோ புகையிலையிலோ அதைத் தாங்கும் இனம் என்று ஏதாவது உண்டா? ஆவணி முடிவதற்குள் நாற்றுமேடை போட வேண்டும்.

வடமராட்சிக்காரன் எழுதியது:

இதற்கெல்லாம் புது விதை எதற்கு? பூத்த உடனே பிடுங்கி வரம்பில் போடுங்கள், எங்கள் வெயிலுக்கு ஒரே நாளில் கருகிவிடும். எங்கள் பக்கத்தில் சிலர் அதை மாட்டுக்கும் போடுகிறார்கள். இரண்டு வருடம் விடாமல் பிடுங்கினால் தானாகக் குறைந்துவிடும்.

இளைப்பாறிய போதனாசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த மூன்று எழுத்துகளைத் தீர்த்துவிடுவோம். தக்காளி விதை உறையில் வி என்றால் வேர்ட்டிசிலியம் வாடல், எஃப் என்றால் பியூசேரியம் வாடல், என் என்றால் வேர்முடிச்சு உண்டாக்கும் நெமற்றோடு. முதல் இரண்டும் பங்கசு, மூன்றாவது புழு. உங்கள் தோட்டத்தில் இருப்பதோ பூத்துக் காய்த்து விதை விடுகிற ஒரு செடி. அந்த உறையில் இருப்பது பொய்யில்லை. நெமற்றோடு உள்ள தோட்டத்துக்கு அது நல்ல விதையாகவும் இருக்கும். உங்களுடைய கேள்விக்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை, அவ்வளவுதான். “வேர் வருத்தம் எல்லாவற்றுக்கும்” என்பது உறையில் இல்லாத, கடையில் சேர்ந்த வாசகம்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம், வேரில் ஒட்டிப் பிழைக்கும் ஒரபாங்கே என்ற செடிக்கு உரியது. தமிழ்நாட்டில் புகையிலைக் காளான் என்பார்கள், ஆனால் காளானுக்கும் இதற்கும் உறவில்லை. புகையிலையில் ஏறுவது பெரும்பாலும் ஒரபாங்கே செர்னுவா என்ற வகை. அது தக்காளியிலும் கத்தரியிலும் அதே உரிமையோடு ஏறும். புகையிலையை நிறுத்திவிட்டு அதே இடத்தில் தக்காளி வைப்பது, வந்த விருந்தாளிக்கு வாழையிலையை மட்டும் மாற்றிப் போடுவதைப் போன்றது. கத்தரியிலும் அப்படித்தான். தின்னவேலி ஊதாவை நட்டாலும் வேறு எதை நட்டாலும் குடும்பம் ஒன்றே.

நெமற்றோடா ஒரபாங்கேயா என்று உறுதிப்படுத்த ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை இழுக்க வேண்டாம். மண்வெட்டியால் ஒரு முழம் தள்ளி வெட்டி, கன்றை மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, மண்ணைத் தானாகக் கரைய விடுங்கள். நெமற்றோடு முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும். வேரைக் கிழிக்காமல் முடிச்சைப் பிரிக்க முடியாது. ஒரபாங்கே என்றால் வேரின் ஒரு பக்கத்தில் வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சிறியது கடுகளவு, பெரியது கடலை அளவு. உருண்டையிலிருந்து குட்டையான, தடித்த கால்கள் நாலா பக்கமும் நீண்டு, சிலந்தி மாதிரித் தெரியும். நகத்தால் தட்டினால் கழன்றுவிடும், வேரில் ஒரு தழும்பு மட்டும் இருக்கும். கடலை அளவு உருண்டைகளில் சிலவற்றில் மேல்நோக்கி ஒரு கூர்மையான மொட்டு இருக்கும், அதுதான் பிறகு மண்ணுக்கு மேல் வரும் தண்டு. மேலே ஒன்று தெரியும் நேரத்தில் கீழே எத்தனை உருண்டைகள் குடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தால், “தலை காட்டிய பிறகு மருந்தடிக்கலாம்” என்ற எண்ணமே வராது. இலை அகலாமல் போனது நீங்கள் பூவைக் காண்பதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே நடந்து முடிந்த காரியம்.

வடமராட்சித் தம்பிக்கு: பிடுங்குவது நல்ல வேலை, பிடுங்கும் நேரமும் போடும் இடமும்தான் பிழை. பூத்த தண்டு வரம்பில் கிடந்தபடியே காயை முற்ற வைத்துவிடும், தண்டில் உள்ள சத்தே அதற்குப் போதும். ஒரு செடியில் பல்லாயிரக்கணக்கில் விதை, ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. காய் வெடித்தால் கறுத்த தூள் கொட்டும், காற்றுக்கு அதைத் தூக்க வேறு எதுவும் வேண்டாம். மாட்டுக்குப் போடுவது அதைவிட மோசம். இந்த விதை கால்நடையின் குடலைத் தாண்டியும் முளைக்கும் திறனோடு வெளியே வரும். நாங்கள் புகையிலைக்கு முன் ஆட்டுப்பட்டி அடைக்கும் வழக்கமுள்ளவர்கள். எந்தத் தோட்டத்தில் மேய்ந்த ஆடு என்று யாராவது கேட்கிறோமா? இரண்டு வருடம் என்று சொன்னீர்கள். மண்ணுக்குள் இந்த விதை பத்து வருடத்துக்கு மேலும் உறங்கிக் கிடக்கும்.

இனி எதிர்ப்பு இனம். இந்தக் கேள்விக்கு “உண்டு”, “இல்லை” இரண்டும் உண்மை, ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இந்த விதை தானாக முளைப்பதில்லை. ஈர மண்ணில் சில நாள் ஊறிய பிறகு, பக்கத்தில் ஒரு வேர் கசியவிடும் இரசாயனம் தொட்டால்தான் முளைக்கும். அந்தப் பொருள்களுக்கு ஸ்ட்ரைகோலக்டோன் என்று பெயர். முதலாவதை 1966இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். செடி ஏன் தன் எதிரியைத் தானே எழுப்புகிறது என்பது பல காலம் புதிராகவே இருந்தது. 2005இல் ஒரு விடை வந்தது: பொசுபரசு எடுத்துக் கொடுக்கும் வேர்ப் பங்கசைக் கூப்பிடுவதற்காகவே செடி அதைக் கசிகிறது. 2008இல் இன்னொன்று: செடிக்குள் பக்கக் கிளை அதிகம் வெடிக்காமல் அடக்கி வைக்கும் ஹோர்மோனும் அதே குடும்பம்தான். ஒட்டுண்ணி, வேறொருவருக்குப் போன அழைப்பை ஒட்டுக்கேட்டுப் பிழைக்கிறது.

எதிர்ப்பு இனம் உருவாக்குகிறவர்கள் பிடித்த ஒரு வழி இந்தக் கசிவைக் குறைப்பது அல்லது மாற்றுவது. ஆபிரிக்காவில் இறுங்கு என்ற தானியத்தைத் தின்னும் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக்கு எதிராக அப்படித்தான் வெற்றி கிடைத்தது. அந்த வேலைக்காகவே எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2017இல் அதன் மரபணுக் காரணம் தெரிந்தது. எதிர்ப்பு உள்ள இறுங்கின் வேர், ஸ்ட்ரைகாவை நன்றாக எழுப்பும் பொருளுக்குப் பதிலாக ஒரபாங்கோல் என்ற இன்னொன்றைக் கசிகிறது. ஸ்ட்ரைகா அதற்குச் சரியாக எழும்புவதில்லை. இப்போது பெயரைக் கவனியுங்கள். ஒரபாங்கோல் என்பது 1998இல் சிவப்புக் குளோவரின் வேரிலிருந்து எடுக்கப்பட்டது, ஒரபாங்கேயில் இன்னொரு வகையை முளைக்க வைக்கும் பொருளாக! ஓர் ஒட்டுண்ணிக்குக் கதவைப் பூட்டும் அதே மாற்றம் அதன் சொந்தக்காரனுக்கு மணியடிக்கலாம். எனவே “ஒட்டுண்ணி எதிர்ப்பு இனம்” என்று யாராவது சொன்னால், எந்த ஒட்டுண்ணிக்கு என்று கேட்கும் வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.

எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்த பிறகும் இன்னொரு கேள்வி பாக்கி: அதில் எந்தப் பிரிவு? சூரியகாந்தியைப் பாருங்கள். அதைத் தாக்கும் ஒரபாங்கே கியூமானாவுக்கு எதிராக உண்மையான, முழுமையான எதிர்ப்பு மரபணுக்கள் உண்டு. ருமேனியாவில் 1980ஆம் ஆண்டளவில் ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவுகளையும், ஒவ்வொன்றையும் அடக்கும் ஐந்து மரபணுக்களையும் ஒழுங்குபடுத்தினார்கள். விவசாயிகள் அந்த இனங்களைப் பரவலாக விதைத்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஸ்பெயினில் எஃப் என்ற பிரிவு ஐந்தையும் தாண்டி வந்து நின்றது. அதன் பிறகு ஜி, எச். இனம் மாற மாற ஒட்டுண்ணியும் மாறுகிறது. கௌபியிலும் அதே கதை. பொட்ஸ்வானாவின் நாட்டு இனமான பி301 மேற்கு ஆபிரிக்காவின் பல ஸ்ட்ரைகாப் பிரிவுகளைத் தாங்கியது. பெனினில் ஒரு பிரிவு வந்து அதன் மேலும் ஏறியது.

உங்கள் மூன்று பயிருக்கு வருகிறேன். புகையிலையில் சூரியகாந்தியில் உள்ளது போன்ற உறுதியான எதிர்ப்பு இனம் விவசாயி கைக்கு வரவில்லை. தக்காளியில் இஸ்ரேலில் வேலை நடந்திருக்கிறது. ஸ்ட்ரைகோலக்டோன் உண்டாக்கும் மரபணு ஒன்றை வெட்டிச் செயலிழக்கச் செய்த தக்காளியை 2019இல் காட்டினார்கள், எகிப்திய ஒரபாங்கே அதில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் செடி குட்டையாகி, பக்கக் கிளை கண்டபடி வெடித்தது. நான் மேலே சொன்ன ஹோர்மோன் கணக்கு அங்கே வந்து கடிக்கிறது. அதே மாற்றத்தைப் புகையிலையில் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தலை கிள்ளிய பிறகு பக்கக் குருத்து முறிப்பதற்கே ஆள்கூலி கொடுத்து மாளவில்லை. குருத்து இன்னும் பெருகும் ஒரு புகையிலையை எதிர்ப்பு இனம் என்று யாராவது தந்தால் முதல் கிழமையே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

ஸ்காபரோ சிவா எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எனக்கு ஊர் உரும்பிராய், இப்போது ரொறன்ரோ. இங்கே தேடிப் பார்த்ததில் கென்யாவில் ஒட்டுண்ணி தாங்கும் சோளன் விற்கிறார்கள் என்று தெரிகிறது. எதிர்ப்புச் சூரியகாந்தி விதையும் வாங்கலாம். என் மைத்துனர் ஐப்பசியில் ஊருக்கு வருகிறார், கொஞ்சம் கொடுத்துவிடட்டுமா? தம்பி சும்மா ஒரு வரிசை போட்டுப் பார்க்கலாமே.

இளைப்பாறிய போதனாசிரியர் எழுதியது:

சிவா, மனதுக்கு நன்றி. விதையை மட்டும் அனுப்பாதீர்கள்.

நீங்கள் பார்த்த கென்யச் சோளன் ஸ்ட்ரைகாவைத் தாங்குவதில்லை. அது இமசபைர் என்ற களைநாசினியைத் தாங்கும். விதையின் மேல் அந்த நாசினியைப் பூசி விற்கிறார்கள். முளைத்த வேரில் ஸ்ட்ரைகா ஒட்டும்போது பூச்சு அதைக் கொல்கிறது, சோளன் தப்புகிறது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் பூசாத விதையைக் கொண்டுவந்தால் அதில் ஒன்றும் இல்லை. எதிர்ப்புச் சூரியகாந்தி தடுப்பது சூரியகாந்தியின் ஒரபாங்கேயை. புத்தூரில் நிற்பது அதுவன்று.

இனிமேல் சட்டம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் விதை கொண்டுவர முடியாது, கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத் தடுப்புச் சேவை இருப்பது அதற்காகத்தான். ஒட்டுண்ணி விதை கண்ணுக்கு அகப்படாத தூள். சோளன் விதையின் மடிப்பில் நாலு ஒட்டியிருந்தால் உங்கள் மைத்துனருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களில் 1956இல் ஆசிய ஸ்ட்ரைகாவைக் கண்டார்கள். அது எப்படி வந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. அதை ஒழிக்க, மண்ணுக்குள் எதிலீன் வாயு செலுத்தி, பயிர் இல்லாத நேரத்தில் விதையை ஏமாற்றி முளைக்க வைத்துச் சாகடித்தார்கள். பல பத்தாண்டுகள், அரசாங்கப் பணம். எங்களிடம் எதிலீன் சிலிண்டரும் இல்லை, அந்தப் பணமும் இல்லை.

நீர்வேலித் தோட்டக்காரி எழுதியது:

ஐயா, கேள்வி கொஞ்சம் விலகினாலும் கேட்டுவிடுகிறேன். எங்கள் சின்ன வெங்காயப் பாத்தியில் மஞ்சள் நூல் மாதிரி ஒன்று படர்கிறது. வேரும் இல்லை, இலையும் இல்லை, தாளைச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறது. வேதாள வெங்காயம்தான் நட்டிருக்கிறோம். வேறு இனம் மாற்றினால் விடுமா? இன்னொன்று, எங்கள் முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாவில் குருவிச்சை ஏறியிருக்கிறது, பக்கத்தில் நிற்கும் அம்பலவியில் இல்லை. அதுவும் இன எதிர்ப்பா?

இளைப்பாறிய போதனாசிரியர் எழுதியது:

பிள்ளை, வெங்காயத்தில் உள்ளது கஸ்கியூட்டா. சிலர் அம்மையார் கூந்தல் என்பார்கள். இனம் மாற்றி அதிலிருந்து தப்பலாம் என்று நான் சொல்லமாட்டேன். படர்ந்த இடத்தை, வெங்காயத்தோடு சேர்த்து, ஒரு முழம் கூட்டியே வெட்டி எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். வெங்காயத்துக்கு இரக்கப்பட்டு நூலை மட்டும் உருவினால், அறுந்து விழும் ஒரு துண்டே பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும். பூக்க முன் செய்ய வேண்டும். அதன் விதைக்குத் தோல் கடினம், அதுவும் வருடக்கணக்கில் கிடக்கும்.

தக்காளியில் இதற்கு ஒரு வேடிக்கை உண்டு. பெரிய வகைக் கஸ்கியூட்டா ஒன்று, ரிஃப்ளெக்சா, தக்காளித் தண்டைச் சுற்றினால் தக்காளி தொட்ட இடத்தில் தடித்து அதைத் தள்ளிவிடும். தக்காளி எதை வைத்து அடையாளம் காண்கிறது என்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் தோட்டத்துக்கு வரும் மெல்லிய வகை பெரும்பாலான தக்காளியில் நன்றாகவே ஏறும். கலிபோர்னியாவில் சில ஹைன்ஸ் தக்காளி இனங்கள் மட்டும் அதைத் தாங்கின. எந்த ஒட்டுண்ணி என்று கேட்கச் சொன்னேனே, ஒரே பேரினத்துக்குள்ளேயே இப்படி.

மாமரத்துக்கு: குருவி எந்த மரத்தில் உட்கார்ந்து அலகைத் தேய்க்கிறதோ அந்த மரத்தில் குருவிச்சை. உங்கள் அம்பலவி இன்னும் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய கொப்பை, ஒட்டிய இடத்திலிருந்து கீழே தள்ளி வெட்டுங்கள். குருவிச்சையை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும்.

வடமராட்சிக்காரன் எழுதியது:

சரி, பிடுங்கியதை வரம்பில் போடுவதை விட்டுவிடுகிறோம். ஆனால் ஐயா, எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று சொன்னால் அந்தத் தம்பி இரண்டு பரப்பையும் சும்மா விட்டு வைப்பதா? புகையிலையை விட்டுவிடு என்று நகரத்திலிருந்து சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குத்தகைக்காசு அவர்கள் கட்டுவதில்லை.

இளைப்பாறிய போதனாசிரியர் எழுதியது:

சும்மா விட்டால் விதை சும்மா உறங்கும், அதில் பயனில்லை. எழுப்பிவிட்டுச் சாப்பாடு போடாமல் விட வேண்டும். முளைத்த விதைக்குச் சில நாளுக்குள் பொருத்தமான வேர் அகப்படாவிட்டால் அது செத்துப்போகும். பயறு, உளுந்து, எள்ளு, இறுங்கு இவற்றின் வேர் புகையிலை ஒரபாங்கேயின் விதையை முளைக்கத் தூண்டும், ஒட்ட விடாது. இந்தியாவில் புகையிலைக்கு முன் இவற்றை விதைக்கச் சொல்வது இதற்காகத்தான். தம்பியிடம் கிணறு இருக்கிறது, ஆவணியிலேயே பயறைத் தெளித்தால் ஐப்பசி மழை கனக்கும் முன் பிடுங்கிவிடலாம். பயறுக்கு விலையும் உண்டு. ஒரு போகத்தில் எல்லா விதையும் எழும்பிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேர் போகும் ஆழத்தில், வேருக்கு ஒட்டினாற்போல் கிடந்தவை மட்டும்தான் எழும்பும். ஆகவே அந்த இரண்டு பரப்பிலும் சில வருடங்களுக்குப் புகையிலை, தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு நான்கும் வேண்டாம். வெங்காயம் வையுங்கள், பயறு வையுங்கள், குரக்கன் வையுங்கள். மிச்ச நான்கு பரப்பில் உங்கள் புகையிலை நிற்கட்டும், நான் அதை விடச் சொல்லும் ஆள் இல்லை.

அந்த நான்கு பரப்பைக் காப்பதுதான் இப்போதைய வேலை, அதில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். லான்ட்மாஸ்டர்காரரிடம் கிழக்குத் துண்டைக் கடைசியாக உழச் சொல்லுங்கள். உழுது முடிந்ததும் கலப்பைக் கொழுவிலும் சில்லிலும் ஒட்டிய செம்மண்ணை அந்தத் துண்டுக்குள்ளேயே கழுவிவிட்டுப் போகட்டும். அவர் முணுமுணுப்பார், ஒரு தேத்தண்ணீர் கூடக் கொடுங்கள். இறைக்கும் தண்ணீர் கிழக்கிலிருந்து மற்றப் பாத்திகளுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வாய்க்காலைத் திருப்ப வேண்டும். குழை தாழ்ப்பதற்குக் கொண்டுவரும் பூவரசங்குழையால் பயமில்லை, எரு வாங்கும் இடத்தைத்தான் கேட்டு வாங்குங்கள். புகையிலையில் எங்காவது தலை காட்டினால், நட்டு ஐம்பது அறுபது நாளில் தொடங்கும், பூக்க முன் எடுத்து, சாக்கில் கட்டி, எரித்துவிடுங்கள். புதைக்காதீர்கள்.

பணம் செலவழிக்க விருப்பமென்றால் விதைக்குக் கொடுக்க இருந்ததை நிறமில்லாத பொலித்தீனில் போடுங்கள். வைகாசி, ஆனி வெயிலில், மண்ணை நனைத்து, இறுக்கி மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து, ஒரு மாதத்துக்கு மேல் விட்டால் மேல்மண்ணில் உள்ள விதையில் பெரும்பங்கு அவிந்துபோகும். இரண்டு பரப்புக்கும் கட்டுபடியாகாது. முதலில் முளைத்த அந்த வரம்போரப் பட்டைக்கு மட்டும் செய்யுங்கள்.

புத்தூர்ச் செம்மண் எழுதியது:

மிகவும் நன்றி ஐயா. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பயறு சரி என்கிறார், லான்ட்மாஸ்டரைக் கழுவச் சொல்வது நடக்காது என்கிறார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். விதை உறை ஏற்கனவே ஒன்று வாங்கிவிட்டேன். கடைக்குப் போய் இதை எல்லாம் சொன்னபோது, “வேறு தோட்டத்தில் நட்டு ஒன்றும் வரவில்லை, போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்” என்றார்கள். அந்தத் தோட்டத்தில் ஒட்டுண்ணி இருந்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. போட்டுப் பார்ப்பதென்றால் நிலத்தில் போடாமல் பார்க்க வழி உண்டா?

இளைப்பாறிய போதனாசிரியர் எழுதியது:

உண்டு, கேட்டதும் சரியான கேள்வி. ஒட்டுண்ணி இல்லாத மண்ணில் எந்த இனமும் எதிர்ப்பு இனம்தான்.

பழைய பூச்சட்டிகள் அல்லது அடியில் துளையிட்ட வாளிகள் எடுங்கள். கிழக்குத் துண்டில், கொத்தாக முளைத்த இடத்தின் மேல்மண்ணை அள்ளி, நன்றாகக் கலந்து எல்லாச் சட்டிகளிலும் ஒரே அளவு நிரப்புங்கள். பாதியில் உறையில் உள்ள தக்காளி, பாதியில் ஊரில் வழக்கமாக நடும் தக்காளி. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் செய்தால் சோதனை வீண். உறைத் தக்காளியில் ஒன்றும் வராமல் போனால், அது இனத்தின் திறமையா, நீங்கள் அள்ளிய மண்ணில் விதை இல்லையா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு சட்டியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், விதை மண்ணில் சமமாகக் கிடப்பதில்லை. நட முன் சில நாள் மண்ணை ஈரமாக வைத்திருங்கள். உரம் அள்ளிக் கொட்டாதீர்கள். பொசுபரசு நிறைந்தால் வேர்க் கசிவு குறையும், எல்லாச் செடியும் எதிர்ப்பு இனம் போல நடிக்கும். சட்டிகளைச் சீமெந்துத் தரையில் வையுங்கள், தோட்டத்து மண்ணில் வைக்க வேண்டாம். வழிகிற தண்ணீரும் தோட்டத்துக்குப் போகக் கூடாது.

மேலே தண்டு வரும் வரை காத்திருக்க வேண்டாம். அறுபது நாளளவில் சட்டியைக் கவிழ்த்து, வேரை வாளியில் கரைத்து, உருண்டைகளை எண்ணுங்கள். இரண்டு இனத்திலும் ஒரே அளவு என்றால் கடைக்காரருக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும். உறைத் தக்காளியில் வெகு குறைவு என்றால் எனக்கும் அது புதுச் செய்தி, நானே விதை வாங்க வருவேன். பிறகு அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டாமல் தகரத்தில் போட்டு வறுத்துவிடுங்கள். அம்மாவின் பாத்திரத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள், கமநல சேவை நிலையத்தில் கேட்டால் அவரை எந்த நாளில் பார்க்கலாம் என்று சொல்வார்கள். வேரைக் கழுவும் நாளில் அவர் பக்கத்தில் நின்றால் நல்லது. படம் எடுத்து இங்கேயும் போடுங்கள். வேரை வெள்ளைத் தட்டில் பரப்பி, அளவு தெரிய ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை அருகில் வையுங்கள். எந்தச் சட்டியில் எந்த இனம் என்று சட்டியிலேயே எழுதுங்கள். நீர்வேலிப் பிள்ளையும் வெங்காயத்து நூலைப் பூவோடு எங்காவது கண்டால் கிட்ட எடுத்த படம் ஒன்று போடட்டும், பூவைப் பார்த்தால்தான் எந்தக் கஸ்கியூட்டா என்று சொல்லலாம்.